தூளியில் ஒன்று, இடுப்பில் ஒன்று: வீட்டுக்குள் ஓர் ஈஸ்டர்

ஈஸ்டருக்கு நிலையான தேதி கிடையாது. மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமியைப் பார்த்து, அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமையை ஈஸ்டராகக் குறிப்பார்கள். 2025-இல் ஏப்ரல் 20 அன்று வந்தது. 2026-இல் ஏப்ரல் 5. பெரும்பாலும் பங்குனிக் கடைசியிலோ சித்திரைத் தொடக்கத்திலோ அமையும். ஏப்ரல் 14, அண்ணல் அம்பேத்கர் பிறந்தநாளும் அதன் பக்கத்திலேயே வந்துவிடும். கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டக் காலனிகளில் இயேசுவின் படமும் அம்பேத்கரின் படமும் ஒரே சுவரில் மாட்டப்பட்ட வீடுகளுக்கு அது இரட்டைத் திருவிழாக் காலம்.

பெரிய வெள்ளிக்கு அரசு விடுமுறை உண்டு. ஈஸ்டர் ஞாயிறு என்பதால் தனி விடுமுறை கேட்க வேண்டியதில்லை என்று பலர் நினைப்பார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமையும் ஷிப்ட் ஓடும் நூற்பாலையில் வேலை பார்ப்பவருக்கும், விடியும் முன்பே துடைப்பத்தோடு தெருவில் இறங்கும் தூய்மைப் பணியாளருக்கும் ஞாயிறும் வேலை நாள்தான். அந்த வீட்டில் நடக்கப் பழகிய பிள்ளை ஒன்றும், பிறந்து சில வாரமே ஆன பச்சைக் குழந்தை ஒன்றும் இருந்தால், நள்ளிரவுப் பூசைக்கோ விடியற்கால ஆராதனைக்கோ குடும்பமாகப் போவது நடக்கிற காரியம் இல்லை. அந்த வருஷம் ஈஸ்டர் வீட்டிலேயேதான்.

இதைக் குறையாக நினைத்து வருந்தும் தாய்மார்கள் உண்டு. வருந்தத் தேவையில்லை. முதல் ஈஸ்டரே பெரும்பாலும் வீட்டுக்குள் நடந்ததுதான். பயந்துபோன சீடர்கள் கதவைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குள் இருந்தார்கள் என்றுதான் யோவான் எழுதுகிறார். எம்மாவு ஊருக்கு நடந்துபோன இருவர், கூடவே வந்தவர் இயேசு என்று வழியில் அறியவில்லை. சாப்பாட்டில் உட்கார்ந்து அப்பத்தைப் பிட்டபோதுதான் அறிந்தார்கள். 2020-இல் ஊரடங்கின்போது, ஏப்ரல் 12 அன்று, கோயில்கள் பூட்டிக் கிடக்க, எல்லாக் கிறிஸ்தவர்களும் வீட்டில்தான் ஈஸ்டர் கொண்டாடினார்கள். அதனால் விழா குறைந்துவிடவில்லை.

ஓய்வு வேறு, தீட்டு வேறு

பிள்ளை பெற்றவள் நாற்பது நாள் வெளியே போகக் கூடாது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது வழக்கம். மருத்துவமும் பிரசவத்துக்குப் பிந்தைய 42 நாட்களைத் தனிக் கவனம் வேண்டிய காலமாகத்தான் கணக்கிடுகிறது. உடம்பு தேற வேண்டும், பால் சுரக்க வேண்டும், தூக்கம் வேண்டும். இதெல்லாம் நியாயமான ஓய்வு.

ஆனால் அதே நாற்பது நாளுக்குச் சில வீடுகளில் ‘தீட்டு’ என்று இன்னொரு பெயரும் உண்டு. அடுப்படிக்கு வராதே, வேதப் புத்தகத்தைத் தொடாதே, ஜெபத்தில் தள்ளி உட்கார் என்பார்கள். இந்த ஒரு சொல்லால்தான் நம் முன்னோர் தலைமுறை தலைமுறையாகக் கிணற்றடியிலிருந்தும் கோயில் வாசலிலிருந்தும் டீக்கடை பெஞ்சிலிருந்தும் தள்ளி நிறுத்தப்பட்டார்கள். அந்தச் சொல்லை ஒதுக்கிவிட்டு வந்த வீட்டில், பெற்ற தாயின் மேல் அதே சொல்லைப் பிரயோகிப்பது எப்படிச் சரியாகும்? கல்லறை காலியாக இருக்கிறது என்ற செய்தியை முதலில் அறிந்தவர்கள் பெண்கள். அவர்கள் வந்து சொன்னபோது ஆண் சீடர்கள் அதை வெறும் பேச்சென்று தள்ளினார்கள் என்று லூக்கா எழுதுகிறார். ஆகவே ஈஸ்டர் அன்று வீட்டு ஜெபத்தை நடத்த, கைக்குழந்தையோடு பாயில் உட்கார்ந்திருக்கும் தாயைவிடப் பொருத்தமானவர் அந்த வீட்டில் வேறு யாரும் இல்லை.

வியாழக்கிழமை கால் கழுவுதல்

சின்னப் பிள்ளைக்கு உயிர்ப்பு, மீட்பு என்ற பெரிய வார்த்தைகள் புரியாது. கையால் தொட்டால் புரியும், கண்ணால் பார்த்தால் புரியும்.

பெரிய வியாழன் அன்று இயேசு சீடர்களின் கால்களைக் கழுவியதை நினைவுகூர்வார்கள். கத்தோலிக்க ஆலயங்களில் அந்தச் சடங்குக்கு நெடுங்காலம் ஆண்களை மட்டுமே உட்கார வைத்தார்கள். 2016 ஜனவரியில்தான் போப் பிரான்சிஸ் விதியை மாற்றிப் பெண்களுக்கும் இடம் தந்தார். வீட்டில் அந்தத் தடை எப்போதும் இல்லை. ஒரு அகலமான பாத்திரம், வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு துண்டு போதும். அப்பா தரையில் உட்கார்ந்து அம்மாவின் காலையும், பிறகு பிள்ளையின் காலையும் கழுவலாம். பிள்ளை தண்ணீரை இறைக்கும், சிரிக்கும், தானும் கழுவுவேன் என்று அடம்பிடிக்கும். செய்யவிடுங்கள்.

செருப்புத் தைத்துக் கொடுத்தவர்களே செருப்புப் போட்டுக்கொண்டு ஊர்த் தெருவில் நடக்க முடியாதிருந்த வரலாறு கொங்குப் பகுதிக்கு உண்டு. கையில் தூக்கிக்கொண்டு நடந்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். அந்த வீட்டில் ஒரு தகப்பன் தன் மகளின் காலைக் கழுவித் துடைத்து, ஈஸ்டருக்கு வாங்கிய புதுச் செருப்பை மாட்டிவிடுவதில் உள்ள அர்த்தம் பெரியது. பிள்ளை வளர்ந்த பிறகு அந்தக் கதையைச் சொல்லலாம். இப்போதைக்குச் செருப்பு சத்தம் போட்டால் போதும், அதற்குச் சந்தோஷம்.

முட்டை, மெழுகுதிரி, கோழிக் குழம்பு

தவக்காலத்தில் முட்டையும் விலக்கப்பட்டிருந்த காலத்தில், ஐரோப்பியக் கிறிஸ்தவர்கள் ஈஸ்டர் அன்று முட்டைக்குச் சாயம் பூசிப் பரிமாறிக்கொண்டார்கள். அங்கன்வாடியில் முட்டை சாப்பிட்டுப் பழகிய பிள்ளைக்கு இது எளிதில் பிடித்துப்போகும். கடைச் சாயம் வேண்டாம். மஞ்சள் தூள் போட்ட தண்ணீரில் வேகவைத்தால் மஞ்சள் நிறம் வரும். வெங்காயச் சருகைப் போட்டால் செங்காவி. பீட்ரூட் போட்டால் இளஞ்சிவப்பு. ‘மூடியிருந்தது திறந்தது, உள்ளேயிருந்து உயிர் வந்தது’ என்று ஒரு வரியில் கதையைச் சொல்லி முடிக்கலாம். வீட்டுக் கோழி அடைகாத்திருந்தால் விளக்கமே தேவையில்லை.

சனிக்கிழமை இரவு ஆலயத்தில் புது நெருப்பு மூட்டி, பாஸ்கா மெழுகுதிரியை ஏற்றி, இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வருவார்கள். வீட்டில் ஏழு மணிக்கே விளக்கை அணைத்துவிட்டு ஒரு மெழுகுதிரி ஏற்றலாம். நடுராத்திரி வரை பிள்ளை விழித்திருக்க வேண்டியதில்லை. தூளிக்கும் மெழுகுதிரிக்கும் நடுவே நல்ல இடைவெளி இருக்கட்டும். தவழும் கைக்கும் நடக்கும் கைக்கும் எட்டாத உயரத்தில் வையுங்கள். பட்டாசு வெடிக்கும் தெருவாக இருந்தால் பச்சைக் குழந்தையை உள்ளறையில் படுக்க வையுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை சந்தகையும் தேங்காய்ப் பாலும், மதியம் நாட்டுக்கோழிக் குழம்போ மாட்டுக்கறியோ, அது அந்தந்த வீட்டு வசதி. சொந்தக்காரர்கள் பார்க்க வருவார்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் குழந்தையைத் தூக்க வேண்டும், முகத்தில் முத்தம் கொடுக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். நல்ல நாளும் அதுவுமாகச் சேனை வைக்கிறேன் என்று யாராவது சர்க்கரைத் தண்ணீரையோ தேனையோ நாக்கில் தடவ வந்தால் தடுக்க வேண்டும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான். ஒரு வயது முடியும் வரை தேன் கூடவே கூடாது. மூத்த பிள்ளைக்கு முழு நிலக்கடலை, முழுத் திராட்சை போன்றவை தொண்டையில் சிக்கும்.

ஒன்று முக்கியம். எல்லோரும் புதுக் குழந்தையைத்தான் பார்க்க வருவார்கள். நேற்று வரை வீட்டுக்கே செல்லமாக இருந்த மூத்தது ஒரு மூலையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கும். முட்டைத் தட்டைத் தூக்கிக் கொடுக்கும் வேலையை அதற்குக் கொடுங்கள். பாட்டியோ அம்மாயியோ அதை இடுப்பில் தூக்கிக்கொண்டு தெருவைச் சுற்றி வரட்டும். கொங்கு அருந்ததியர் வீடுகள் பலவற்றில் வீட்டுப் பேச்சு தெலுங்கு. பாட்டியின் தெலுங்குத் தாலாட்டும் தமிழ்க் கீர்த்தனையும் ஒரே தூளியின் மேல் பாடப்படுவது இங்கே ஆச்சரியம் இல்லை.

இரண்டு பதிவேடுகள்

விழா முடிந்ததும் வீட்டில் ஒரு பேச்சு எழும். குழந்தைக்கு எப்போது ஞானஸ்நானம்? ஈஸ்டர் காலம் பழைய நாளிலிருந்தே ஞானஸ்நானத்துக்கு உரிய காலம். பாட்டி உடனே வைக்கலாம் என்பார். அப்பா யோசிப்பார். ஏன் யோசிக்கிறார் என்பது தலித் கிறிஸ்தவர் அல்லாதவர்களுக்குச் சட்டென்று புரியாது.

குழந்தை பிறந்தால் 21 நாட்களுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும். பெயரை உடனே முடிவு செய்யாவிட்டாலும் 12 மாதம் வரை கட்டணமின்றிச் சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், அரசு வேலை ஆகியவற்றுக்குப் பிறப்புத் தேதியின் ஆதாரம் இந்தச் சான்றிதழ்தான். இது அரசாங்கத்தின் பதிவேடு. இன்னொரு பதிவேடு ஆலயத்தில் இருக்கிறது. அது ஞானஸ்நானப் பதிவேடு. முதல் பதிவேடு குழந்தைக்கு உரிமைகளைத் தருகிறது. இரண்டாவது பதிவேட்டில் பெயர் ஏறினால், பட்டியல் சாதிக்குரிய உரிமைகள் போகின்றன.

1950 ஆகஸ்ட் 10 அன்று குடியரசுத் தலைவர் பிறப்பித்த பட்டியல் சாதிகள் ஆணையின் மூன்றாவது பத்திதான் இதற்குக் காரணம். இந்து மதம் தவிர வேறு மதத்தைச் சேர்ந்தவர் பட்டியல் சாதியினராகக் கருதப்பட மாட்டார் என்று அது முதலில் சொன்னது. 1956-இல் சீக்கியர்களும், 1990-இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இன்றும் வெளியே நிற்கிறார்கள். அதனால்தான் தலித் கிறிஸ்தவர்கள் ஆகஸ்ட் 10-ஐக் கறுப்பு நாளாகக் கடைப்பிடிக்கிறார்கள்.

நடைமுறையில் இதன் பொருள் என்ன? தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினருக்கு 18 சதவீத இடஒதுக்கீடு; அதற்குள் அருந்ததியருக்கு 2009 முதல் 3 சதவீத உள்ஒதுக்கீடு. அக்கா, தங்கை இருவர். ஒரே காலனி, ஒரே சாதி. அக்காவின் பிள்ளைக்கு அந்த 3 சதவீதம் உண்டு. ஞானஸ்நானம் பெற்ற தங்கையின் பிள்ளை பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் 26.5 சதவீதத்துக்குள் போட்டியிட வேண்டும். உள்ளாட்சித் தேர்தலில் தனி வார்டு இருந்தாலும் அந்தப் பிள்ளை வளர்ந்து அதில் நிற்க முடியாது. சாதி சொல்லித் திட்டினாலும் அடித்தாலும் 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பு எட்டாது. ஆந்திர உயர் நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று, ஒரு போதகர் தொடுத்த வழக்கில் இதையே தீர்ப்பாகச் சொன்னது. அது ஈஸ்டர் முடிந்து பத்தாவது நாள். டீக்கடையில் தனிக் குவளை வைத்தவரோ, எதிரே நிற்பவர் ஞானஸ்நானம் பெற்றவரா என்று கேட்டுவிட்டுக் குவளையைத் தேர்ந்தெடுத்ததில்லை.

நீதிமன்றப் படிகளில்

சென்னையில் செருப்புத் தைக்கும் தொழிலாளர்களுக்கு அரசு இலவசமாகச் சாலையோரப் பெட்டிக்கடை வழங்கியபோது, சூசை என்ற ஆதிதிராவிடத் தொழிலாளி கிறிஸ்தவர் என்பதால் விடுபட்டார். அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். மதம் மாறிய பிறகும் சாதிக் கொடுமை அதே அளவில் தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 1985-இல் அவர் மனு தள்ளுபடியானது. இதற்குச் சற்று முன்பு, ராசிபுரம் தனித் தொகுதியில் 1980-இல் வென்றவரை எதிர்த்து, அவர் கிறிஸ்தவர் என்று தொடரப்பட்ட வழக்கில் அதே நீதிமன்றம் வேறு மாதிரிப் பேசியிருந்தது. மதம் மாறினாலும் சாதியின் அடையாளம் இந்த மண்ணில் மறைவதில்லை என்று நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதினார். ஒரு தீர்ப்பில் சாதி மறைவதில்லை. மற்றொன்றில் மறையவில்லை என்பதற்கு ஆதாரம் போதவில்லை. சட்டம் படிக்கும் மாணவர்கள் இந்த இரண்டு தீர்ப்புகளையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

2024 நவம்பர் 26 அன்று வந்த தீர்ப்பு கைக்குழந்தை உள்ள வீடுகளை நேரடியாகத் தொடுகிறது. புதுச்சேரியில் ஒரு பெண், தான் இந்து என்றும் பட்டியல் சாதிச் சான்று வேண்டும் என்றும் கேட்டார். பிறந்து இரண்டு மாதம்கூட ஆகாத நிலையில், 1991 ஜனவரியில் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்ததைப் பதிவேடு காட்டியது. பெரியவரான பிறகும் ஆலயத்துக்குப் போய்வந்தார் என்று நீதிமன்றம் முடிவு செய்தது. சலுகைக்காக மட்டும் மதத்தைச் சொல்வது அரசியல் சாசனத்தின் மீதான மோசடி என்று கூறி அவர் மனுவைத் தள்ளியது. முப்பது ஆண்டுகளுக்கு முன் தாயின் மடியில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தையின் நெற்றியில் ஊற்றிய தண்ணீர், வேலை கேட்டு வந்தபோது சாட்சியாக நின்றது.

இதனால் வீடுகளில் என்ன நடக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆலயத்தில் ஒரு பெயர், பள்ளியில் ஒரு பெயர். ஞானஸ்நானத்தைத் தள்ளிப் போடுவது. ஈஸ்டர் படத்தைப் பிறர் பார்க்கும்படி வைக்கத் தயங்குவது. விழா வீட்டுக்குள் இருப்பது குழந்தைக்காக என்றால் அது அன்பு. ஒரு சான்றிதழுக்குப் பயந்து வீட்டுக்குள் ஒளிக்க வேண்டியிருந்தால் அது அநீதி.

ஆலயத்துக்குள்ளும் ஒரு கல்

கேள்வி அரசாங்கத்தை நோக்கி மட்டும் இல்லை. கோவையில் லண்டன் மிஷன் 1830-இல் பணி தொடங்கியது. கத்தோலிக்க மறைமாவட்டம் 1886-இல் அமைந்தது. இத்தனை காலத்துக்குப் பிறகும் தமிழ்நாட்டில் தனிக் கல்லறை, தனித் தெருத் தேர் என்ற வழக்குகள் ஓயவில்லை. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் தலித்துகளைப் பிரிக்கும் சுவர் இதற்குப் பேர்போனது. அன்றைய விழுப்புரம் மாவட்டம் இறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தனிப் பங்கு கேட்டதை ஒட்டி, 2008 மார்ச்சில், ஈஸ்டருக்கு இரண்டு வாரம் முன்பு கலவரம் மூண்டு, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். மதம் மாறியவரின் நிலைமை பற்றி அம்பேத்கர் எழுதியபோதும் சாதி சபைக்குள் தொடர்வதைச் சுட்டிக்காட்டத் தவறவில்லை. பாமாவின் ‘கருக்கு’ 1992-இல் வந்தபோது சபைக்குள் இருந்தே அந்தக் குரல் எழுந்தது.

மாற்றமும் இல்லாமல் இல்லை. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் தலித் மேம்பாட்டுக் கொள்கையை வெளியிட்டு, சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா 2022 ஆகஸ்டில் கர்தினால் ஆனார். அந்தப் பதவிக்கு வந்த முதல் தலித் அவர்தான். கல்லறைக் கல் புரண்டது என்று பாடும் சபை, கல்லறைத் தோட்டத்துச் சுவரைத் தானே இடிக்கும் நாள்தான் மீதம்.

இப்போது செய்ய வேண்டியவை

நீதிபதி ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-இல் மூன்றாவது பத்தியை நீக்கச் சொன்னது. 2023 ஏப்ரல் 19 அன்று, ஈஸ்டர் முடிந்த பத்து நாளில், தமிழ்நாடு சட்டமன்றம் கிறிஸ்தவ ஆதிதிராவிடர்களுக்குப் பட்டியல் சாதித் தகுதி வழங்கக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. ஒன்றிய அரசு 2022 அக்டோபரில் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் புதிய ஆணையம் அமைத்து இரண்டு ஆண்டு அவகாசம் கொடுத்தது. பிறகு அவகாசத்தை நீட்டித்தது. 2004-இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டபோது பிறந்த குழந்தைகள் இன்று கல்லூரியை முடித்துவிட்டார்கள்.

அதுவரை, இருப்பதை விட்டுவிடக் கூடாது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்துக்கு மதம் தடை இல்லை. ஏழைக் குடும்பத்துத் தாய்க்கு இரண்டு பிரசவம் வரை, ரூ.14,000 ரொக்கமும் ரூ.4,000 மதிப்புள்ள ஊட்டச்சத்துப் பெட்டகங்களுமாக மொத்தம் ரூ.18,000 உதவி உண்டு. கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேளுங்கள். கிறிஸ்தவ மதம் மாறிய ஆதிதிராவிட மாணவர்களுக்குத் தமிழ்நாடு அரசின் போஸ்ட் மெட்ரிக் கல்வி உதவித்தொகை உண்டு. ‘நாம்தான் பி.சி. ஆயிற்றே’ என்று விண்ணப்பிக்காமல் விட்டுவிடும் மாணவர்கள் பலர். கல்லூரி அலுவலகத்தில் கேட்டு, சாதிச் சான்றில் மதம் மாறிய ஆதிதிராவிடர் என்று சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

ஞானஸ்நானம் எப்போது என்பது அந்தத் தாய் தகப்பனின் முடிவு. ஆனால் இரண்டு பதிவேடுகளில் ஒன்றை விட்டால்தான் மற்றொன்று என்ற நிலைமையை அவர்கள் உண்டாக்கவில்லை. ஒரு சீக்கியக் குழந்தைக்கும் ஒரு பௌத்தக் குழந்தைக்கும் அந்த நெருக்கடி இல்லை. ஈஸ்டர் முட்டையைக் கையில் வைத்துக்கொண்டிருக்கும் கோவைக் குழந்தைக்கு மட்டும் ஏன் இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு, 1950-இலிருந்து யாரும் ஒழுங்கான பதில் சொல்லவில்லை.